சுடாத பெட்டி

மலையடிவாரத்தில் பெட்டி வளர்க்கிற இடம் ஒன்று இருந்தது. பெட்டி செய்யும் இடம் என்றுதான் வாசல் பலகையில் எழுதியிருந்தது. உள்ளே இருந்தவர்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

வைக்கோலை விரல் நீளத்துக்கு நறுக்குவார்கள். வேகவைத்து, ஆறவிட்டு, காளான் விதையைக் கலந்து, அச்சில் அடைத்து இருட்டறையில் வைப்பார்கள். சில நாளில் உள்ளே வெள்ளை இழைகள் ஓடி, வைக்கோலை ஒன்றோடொன்று பின்னிவிடும். அச்சைக் கழற்றினால் உறைந்த தயிர்போல ஒரு பெட்டி நிற்கும். கடைசியாக, பழைய பேக்கரி அடுப்பு ஒன்றில் வைத்து அதைச் சுடுவார்கள். பீங்கானோ கண்ணாடியோ, எதை வேண்டுமானாலும் அதில் வைத்து எந்த ஊருக்கும் அனுப்பலாம். போய்ச் சேர்ந்த இடத்தில் பெட்டியை உடைத்துச் செடிக்குப் போட்டுவிடலாம்.

இதைக் கற்றுக்கொடுத்தவர் மங்கையர்க்கரசி. நாற்பது வயது இருக்கும். எல்லோரும் ஆசான் என்றார்கள். கற்க வந்தவர்களில் மூத்தவர் நாச்சிமுத்து. அவருக்கு ஐம்பத்தைந்து. அவர் ஆசானை ஆசான் என்பார். ஆசான் அவரை அண்ணா என்பார். இதில் இருவருக்கும் எந்தச் சிரமமும் இல்லை.

நாச்சிமுத்து முன்பு தெர்மாகோல் கம்பெனியில் அச்சு பிடித்தவர். கம்பெனி மூடியது. வாடகை வீட்டைக் காலி செய்தார்கள். மனைவி மாராத்தாள் திருப்பூரில் மகள் வீட்டுக்குப் போனார். நாச்சிமுத்து இங்கே வந்தார்.

ஒரு நாள் அவர் கேட்டார்.

"ஆசான், என் படிப்பு எப்ப முடியும்?"

ஆசான் வைக்கோல் கட்டை மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல பூசண வாடை வருது பாருங்க அண்ணா. வேற கட்டு எடுத்துட்டு வாங்க."

அவர் வேறு கட்டு எடுத்து வந்தார்.

இன்னொரு நாள் கேட்டார். ஆசான், "அச்செல்லாம் கழுவிட்டீங்களா?" என்றார். கழுவவில்லை. போய்க் கழுவினார்.

கூடப் படித்த சரோஜினி பக்கத்துத் தொட்டியில் கைகழுவிக்கொண்டே சொன்னாள்.

"ஆசான்கிட்ட கேள்வி கேட்டா வேலைதான் கிடைக்கும். நான் கேக்கறதை விட்டு ரொம்ப நாளாச்சுங்கண்ணா. பாருங்க, எவ்வளவு ஓய்வா இருக்கேன்."

அந்த நாளில்தான் வெள்ளிங்கிரி என்பவர் வந்தார். பீங்கான் விளக்கு செய்கிறவர்கள் சங்கத்துக்குச் செயலாளர். அவர்கள் ஊர் விளக்கு முட்டை ஓடு மாதிரி மெல்லிசு. உள்ளே சுடர் வைத்தால் சுவர் முழுக்க மஞ்சள் படரும். ஆனால் தெர்மாகோலில் வைத்து அனுப்பினால் வெளியூர்க் கடைகள் இப்போது வாங்குவதில்லை.

வெள்ளிங்கிரி எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார். நாச்சிமுத்து அச்சு அடைப்பதை நின்று கவனித்தார். பிறகு ஆசானிடம் வந்தார்.

"எங்க ஊர்லயே ஒரு பட்டறை போடறோமுங்க. பார்த்துக்க ஆள் வேணும். இந்த அண்ணன் கை எனக்குப் பிடிச்சிருக்கு. பட்டறைக்குப் பின்னாடி ரெண்டு ரூம் வீடு இருக்கு. குடும்பத்தோட வந்து தங்கிக்கலாம்."

நாச்சிமுத்துவின் கை நின்றது.

"ஒண்ணே ஒண்ணுதான்," என்றார் வெள்ளிங்கிரி. "முன்னாடி களிமண் பிசையற மெஷினுக்கு ஒருத்தரைக் கூட்டி வந்தோம். கத்துக்கறதைப் பாதியில விட்டுட்டு வந்தவருன்னு எங்களுக்குத் தெரியாது. மெஷினும் நின்னுது, அவரும் பக்கத்துல நின்னாரு. அதனால எங்காளுங்க கேக்கறாங்க. இந்த அண்ணன் முழுசா கத்து முடிச்சாச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லோணும்."

ஆசான், "காபி சாப்பிடறீங்களா, டீயா?" என்று கேட்டார்.

வெள்ளிங்கிரி காபி சாப்பிட்டார். மாதிரிக்கு ஒரு விளக்கைக் கொடுத்துவிட்டு, யோசித்துச் சொல்லச் சொல்லிப் போனார்.

மாலையில் நாச்சிமுத்து மனைவிக்குப் போன் செய்தார். விஷயத்தைச் சொன்னார்.

"பின்னாடி ரெண்டு ரூம் வீடாம்."

"சமையல் ரூமுக்கு ஜன்னல் இருக்குதா?"

"கேக்கலையே."

"ரெண்டு ரூம்னா எந்த ரூம்ல அடுப்பு?"

"மாராத்தா, இன்னும் ஆசான் ஒண்ணும் சொல்லலை."

"என்ன சொல்லோணும்? இத்தனை நாளா வைக்கோலைத்தானே நறுக்கறீங்க. மாடே இதுக்குள்ள தின்னு முடிச்சிருக்கும்." பிறகு குரலை இறக்கிச் சொன்னார். "மருமகன் நல்லாத்தான் பார்த்துக்கறாரு. இருந்தாலும் டிவியில அவங்க வைக்கறதைத்தான் நான் பார்க்கோணும். டம்ளரைக் கழுவி எங்க கவுத்தோணும்னு இன்னும் கேட்டுத்தான் கவுத்தறேன்."

நாச்சிமுத்து அன்று வெகுநேரம் போனைக் கையிலேயே வைத்திருந்தார். தன் வீட்டில் இரண்டு டம்ளரை அவள் இஷ்டத்துக்குக் கவிழ்த்து வைக்கிற நாள் அவருக்குக் கிட்டத்தில் தெரிந்தது. நடுவில் ஒரு வார்த்தைதான் குறுக்கே இருந்தது.

அந்த வாரம் ஆசான் காளான் விதை வாங்கக் கோயம்புத்தூர் போனார். நாச்சிமுத்து விளக்குக்கென்று தனியாக ஒரு பெட்டி வளர்த்திருந்தார். அச்சைக் கழற்றினார். ஒரு மூலைகூட உதிரவில்லை. விளக்கை உள்ளே வைத்தால் விரல் நுழைய இடமில்லாமல் பொருந்தியது. மூடியும் அப்படியே உட்கார்ந்தது.

"நல்லா வந்திருக்குங்கண்ணா," என்றாள் சரோஜினி. "ஆசான் வந்ததும் அடுப்புல வைக்கலாம்."

அடுப்பு மட்டும் எப்போதும் ஆசான் கையில். அதை வேறு யாரும் தொட்டதில்லை.

"அடுப்பு எதுக்கு? ஈரம் போகத்தானே? மேல வெயில் சும்மாதானே கிடக்குது."

"ஆசான் வரட்டுமே."

"சரோஜினி, நான் எத்தனை வருசம் அச்சு பிடிச்சவன்? அச்சுல இருந்து கழண்டா பொருள் முடிஞ்சுது. அப்புறம் லாரியில ஏத்தறதுதான் பாக்கி."

மொட்டைமாடியில் பெட்டியைக் காயவைத்தார். சாயங்காலம் தொட்டால் சொரசொரவென்று இருந்தது. விளக்கை வைத்து மூடி, சணல் கட்டி, பஸ்ஸில் பார்சல் போட்டார். சங்கத்தார் பெட்டியைப் பார்த்தால் போதும், யாரும் யாரிடமும் வார்த்தை கேட்கமாட்டார்கள் என்று நினைத்தார்.

ஆசான் திரும்பி வந்தபோது அவரே போய்ச் சொன்னார். மறைக்கிற பழக்கம் அவருக்கில்லை.

"எங்க காய வச்சீங்க?"

"மாடியிலங்க."

"தொட்டுப் பார்த்தீங்களா?"

"நல்லா காஞ்சிருந்துதுங்க."

"மேல," என்றார் ஆசான்.

அவ்வளவுதான் பேசினார். வாங்கி வந்த விதைப் பைகளை எடுத்து அடுக்கப் போய்விட்டார்.

சில நாள் கழித்து வெள்ளிங்கிரி பஸ்ஸை விட்டு இறங்கினார். மடியில் வைத்து வந்ததை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, குழந்தையைத் தூக்கி வருகிறவர்போல மெதுவாக நடந்து வந்தார். மேலே ஒரு ஈரத் துண்டு போட்டிருந்தது.

மேசைமேல் வைத்துத் துண்டை எடுத்தார்.

பெட்டியின் நான்கு பக்கமும் சிப்பிக் காளான் பூத்திருந்தது. மூடி இடுக்கில் ஒரு கொத்து. சணல் கயிற்றைத் தள்ளிக்கொண்டு ஒரு கொத்து. ஒன்று மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்து, முன்பக்கம் குடைபிடித்த மாதிரி நின்றது.

சரோஜினி கிட்டே வந்து குனிந்து பார்த்தாள்.

"நாங்க விளக்குக்குப் பெட்டி கேட்டோம்," என்றார் வெள்ளிங்கிரி. "நீங்க குழம்புக்கு அனுப்பியிருக்கீங்க."

சரோஜினி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். முதுகு குலுங்கியது.

"அதை விடுங்க. இதைக் கேளுங்க," என்று வெள்ளிங்கிரி உட்கார்ந்தார். "பஸ்ல இருந்து எடுக்கறப்பவே எங்காளு கீழ போட்டுட்டான். பெட்டி ரெண்டா போச்சு. விளக்குக்கு ஒண்ணும் ஆகலை. சரி, சங்கக் கூட்டம் வரைக்கும் இருக்கட்டும்னு விளக்கை உள்ளயே வச்சு ரெண்டு துண்டையும் சேர்த்து அதே கயித்துல கட்டி, தண்ணித்தொட்டி ஓரமா வச்சோம். அப்புறம் எடுத்துப் பார்த்தா ஒட்டிருக்குது. எங்க உடைஞ்சதுன்னே தெரியலை. பசை போட்டது யாருன்னு ஒருத்தரை ஒருத்தர் கேக்கறோம். அடுத்த நாள் இது முளைச்சுருச்சு. எங்கள்ல ஒருத்தர் சூடம் வாங்கப் போயிட்டாரு. நான்தான் பிடிச்சு நிறுத்தினேன்."

ஆசானும் சிரித்துவிட்டார்.

நாச்சிமுத்து மட்டும் சிரிக்கவில்லை. மூடியைத் திறக்கப் பார்த்தார். வரவில்லை. மூடியும் பெட்டியும் ஒன்றாகியிருந்தன. கத்தியால் அறுத்துத் திறந்தபோது, உள்ளே விளக்கைச் சுற்றி வெள்ளை இழை போர்வைபோலப் படர்ந்திருந்தது.

"வெயில்ல செத்திருக்கும்னு நினைச்சேன்," என்றார் நாச்சிமுத்து.

"மேல காஞ்சுது. உள்ள உயிரோடதான் இருந்தது," என்றார் ஆசான். "சரோஜினி, காளானைப் பறிச்சுக்க. சுத்தமான வைக்கோல்தான். மிளகு போட்டு வறுத்துரு. அண்ணன் பசியோட வந்திருப்பாரு."

வெள்ளிங்கிரி சாப்பிட்டார். இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிக்கொண்டார். கைகழுவிவிட்டு வந்து நாச்சிமுத்துவின் பக்கத்தில் நின்றார்.

"எனக்கு உங்க மேல ஒரு குறையும் இல்லைங்க. விளக்கு கீழ விழுந்தும் உடையலை, அதை நான் சொல்லிருவேன். ஆனா கூட்டத்துல காளானையும் எல்லாரும் பார்த்துட்டாங்க. வெள்ளிக்கிழமை வேனோட வர்றேன். ஆசான் ஒரு வார்த்தை சொல்லிட்டா உங்களைக் கையோட கூட்டிட்டுப் போறேன். சொல்லலைன்னா, வேற ஆள் பார்க்கச் சொல்லிருக்காங்க."

அவர் போனபிறகு நாச்சிமுத்து அறுத்த பெட்டியைக் குப்பைக்கு எடுத்துப்போனார்.

"அதை வச்சுருங்க," என்றார் ஆசான். "அச்சுல இருக்கற அடுத்த பெட்டியைக் கழட்டிட்டு அடுப்புக்கு வாங்க."

அன்று முதன்முதலாக ஆசான் அவரை அடுப்பின் முன்னால் உட்காரவைத்தார். சூடு ஏறுவதைக் கையைக் காட்டிப் பார்க்கச் சொன்னார். பெட்டியை உள்ளே வைக்கச் சொன்னார். கதவை ஆசானே மூடினார்.

முதலில் மழை பெய்த தோட்டத்து வாசனை வந்தது. பிறகு காளான் வேகிற வாசனை. அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை. கடைசியில் பன்ரொட்டி வாசனை வந்தது.

"இப்ப எடுங்க."

எடுத்தார். கையில் கனமே இல்லை. விரலால் தட்டினால் காய்ந்த சுரைக்காய்போல ஒலித்தது. நாச்சிமுத்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தெர்மாகோலில் அவர் பிடித்த எதுவும் இவ்வளவு நன்றாக வந்ததில்லை.

"இதுதான் முடிஞ்ச பெட்டிங்களா?"

"இதுதான்."

"இனி முளைக்காதுங்களா?"

"முளைக்காது. வளராது. ஈரத்துல நனைக்காம வச்சா நாம சொன்னபடி அப்படியே இருக்கும்."

ஆசான் அதை வாங்கி, முழங்காலில் வைத்து இரண்டாக உடைத்தார். நாச்சிமுத்து பதறி எழுந்தார்.

"அறுத்த பெட்டியைச் சேர்த்துக் கட்டுங்க," என்றார் ஆசான். "இதையும் சேர்த்துக் கட்டுங்க. ரெண்டையும் ஈரத்துணி போட்டு இருட்டுல வைங்க."

வைத்தார். தினமும் காலையில் எழுந்ததும் போய்ப் பார்த்தார். சரோஜினி கேட்டாள்.

"ஏனுங்கண்ணா, அடைகாக்கறீங்களா?"

"சும்மா இரு சாமி."

வெள்ளிக்கிழமைக்கு முன்தினம் கயிற்றை அவிழ்த்தார். அறுத்த பெட்டி ஒட்டியிருந்தது. இழுத்துப் பார்த்தார். வரவில்லை. சுட்ட பெட்டியின் கயிற்றை அவிழ்த்ததும் இரண்டு பாதியும் இரண்டு பக்கம் சாய்ந்தன.

அவர் இரண்டையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனாலும் சாயங்காலம் துணிகளை மடித்துப் பையில் வைத்தார். மாராத்தாள் போனில் இரண்டு தடவை ஜன்னலைப் பற்றிக் கேட்டுவிட்டார்.

மறுநாள் காலை வேன் வந்தது. ஆசான் அடுப்படியில் இருந்தார். தட்டு நிறையப் பெட்டிகள் வெந்துகொண்டிருந்தன. வெள்ளிங்கிரி வாசற்படியிலேயே நின்றார். நாச்சிமுத்து புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"ஆசான்."

"சொல்லுங்க அண்ணா."

"இது நாள்வரைக்கும் கேட்டதை இன்னொரு தடவை கேக்கறேன். வேலை சொல்லி அனுப்பிறாதீங்க. அவ அங்க மக வீட்டுல காத்துட்டிருக்கா. என் படிப்பு முடிஞ்சுதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

ஆசான் அடுப்புக் கதவைத் திறந்தார். சூடு முகத்தில் அடித்தது. உள்ளே எட்டிப் பார்த்து, தட்டை ஒரு ஓரமாகத் தள்ளினார்.

"உள்ள இடமிருக்குங்க அண்ணா," என்றார்.

வெள்ளிங்கிரி விழித்தார். சரோஜினி சிரிக்க ஆரம்பித்து, நாச்சிமுத்துவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

நாச்சிமுத்து அடுப்பைப் பார்த்தார். வரிசையாக இருந்த பெட்டிகளைப் பார்த்தார். மெல்லத் தலையை ஆட்டினார். முகத்தில் ஒரு சிரிப்பு வரப் பார்த்தது. பாதியிலேயே நின்றது.

"வேணாமுங்க," என்றார்.

ஆசான் கதவை மூடினார்.

"அப்ப நான் போய் என்னங்க சொல்றது?" என்று வெள்ளிங்கிரி கேட்டார். ஆசான் நாச்சிமுத்துவைக் கைகாட்டினார்.

நாச்சிமுத்து தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"உள்ளதைச் சொல்லிருங்க. போன பெட்டியில என்ன தப்பு பண்ணினேன்னு இப்ப எனக்குத் தெரியும். அடுத்த பெட்டியில என்ன தப்பு வரும்னு தெரியாது. வந்தா உக்காந்து பார்ப்பேன். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. முடிஞ்சுதுன்னு சொல்லிக்கிட்டு உங்க ஊருக்கு வரமுடியாது."

சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

வெள்ளிங்கிரி தலையைச் சொறிந்தார். ஆசானிடம் தணிந்த குரலில் என்னவோ கேட்டார். ஆசான் என்னவோ சொன்னார். பிறகு அவர் வேன் பக்கம் போனார்.

அறையில் நாச்சிமுத்து பையைத் திறந்து சட்டைகளை வெளியே எடுத்துவைத்தார். வேட்டியை உதறிக் கொடியில் போட்டார். மாராத்தாளிடம் ஜன்னல் இல்லை என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தார். அது பொய். அதனால் என்ன சொல்வதென்று தெரியாமல் போனை எடுத்து, மறுபடி வைத்தார்.

ஆசான் வாசலில் வந்து நின்றார்.

"என்னங்க அண்ணா பண்றீங்க?"

"பையைப் பிரிக்கறேனுங்க."

"வெள்ளிங்கிரி அண்ணன் முன் சீட்டைத் துடைச்சுட்டு உக்காந்திருக்காரு. திருப்பூர் வழியா போகலாமான்னு கேக்கறாரு. உங்க வீட்டம்மாவையும் கூட்டிட்டுப் போகறதுக்கு."

நாச்சிமுத்து சட்டையைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்தார்.

"முடியலைன்னு நானே சொல்லிட்டேனுங்களே."

"ஆமா. நானும் அதைத்தான் சொன்னேன்."

"அப்புறம் எதுக்குங்க என்னைக் கூப்பிடறாங்க?"

ஆசான் கொடியிலிருந்து வேட்டியை எடுத்து மடித்தார். மடித்து அவர் பையில் வைத்தார்.

"தப்பு வந்தா உக்காந்து பார்ப்பேன்னீங்களே, அது போதும்னு சங்கத்துல அவரே சொல்லிக்கறாராம். அவங்க பெட்டி கேக்கலைங்க அண்ணா," என்றார். "பெட்டி வளர்க்கற ஆளைக் கேட்டாங்க."